சீருடையிலிருந்து நினைவுப் போர்வை: புதுச்சேரிச் சொல்தா குடும்பங்களின் துணிசார் நினைவு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மறைந்த படைவீரரின் சீருடைகளைத் துண்டுகளாக்கி, ஒன்றோடொன்று இணைத்துத் தைக்கப்படும் நினைவுப் போர்வை, குடும்ப நினைவைப் பேணும் வழிகளுள் ஒன்று. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தாக்களின் வரலாற்றைக் கொண்ட புதுச்சேரியில், குருசுக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளை மனங்கொண்டு, இவ்வழக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. சொல்தாக்களின் வரலாறு கல்லிலும் தாளிலும் உலோகத்திலும் பேணப்பட்ட அளவுக்குத் துணியில் பேணப்படாததற்கான காரணங்களை விளக்குகிறது. நினைவுப் போர்வை ஒரு வரலாற்றுச் சான்றைக் காப்பதோடு, அதே செயலால் அதன் ஒரு பகுதியை அழிக்கவும் செய்கிறது என்பதையும், வெட்டுவதற்கு முன் செய்யப்படும் ஆவணப்படுத்தல் இம்முரணைப் பெருமளவு தீர்க்கும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சொல்தா, சீருடை, நினைவுப் போர்வை, ரெனோன்சான், குருசுக்குப்பம், பொருள்சார் பண்பாடு, துணி ஆவணம்.

1. முன்னுரை

புதுச்சேரி வெள்ளை நகரத்தின் வடக்கு எல்லையை ஒட்டி, கடலைப் பார்த்து அமைந்துள்ள மீனவர் பகுதி குருசுக்குப்பம். 'குருசு' என்பது சிலுவையைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லின் தமிழ் வடிவம். 'குப்பம்' நெய்தல் நிலத்துக் குடியிருப்பு. இப்பகுதியிலிருந்து கடற்கரைச் சாலை வழியே தெற்கே சென்றால், முதல் உலகப்போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச்சின்னத்தை அடையலாம். 1938இல் திறந்துவைக்கப்பட்ட அச்சின்னம் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 14ஆம் நாள் மரியாதை பெறுகிறது. அந்நாளில் பதக்கம் அணிந்து வரும் முதியவர்களைப் புதுச்சேரி மக்கள் 'சொல்தா' என்றே அழைப்பர். வீரர் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் உள்ளூர் ஒலிவடிவம் அது.

சொல்தாக்கள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் குடியுரிமை, ஓய்வூதியம், புலப்பெயர்வு ஆகிய கோணங்களில் நிகழ்ந்துள்ளன. அவர்கள் உடுத்திய துணி ஆய்வுப் பொருளாகக் கருதப்பட்டது குறைவு. பல குடும்பங்களில் மூத்த தலைமுறையினர் மறைந்துவரும் இக்காலத்தில், டிரங்குப் பெட்டியில் எஞ்சியுள்ள சீருடையை என்ன செய்வது என்பது வாரிசுகள் முன் நிற்கும் நடைமுறைக் கேள்வி. அதற்குரிய விடைகளுள் ஒன்றாக நினைவுப் போர்வையைக் கருதி, அதன் வரலாற்றுப் பின்புலத்தையும் அதனால் நேரும் இழப்பையும் இக்கட்டுரை எடைபோடுகிறது.

2. உடையும் உரிமையும்

பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரியில் உடை ஒருவரின் சட்டநிலையையும் சமூகநிலையையும் காட்டும் அடையாளமாக விளங்கியது. ஐரோப்பிய-இந்தியக் கலப்பு வழியினரைத் தமிழர் 'சட்டைக்காரர்' என்றனர். தொப்பியணிந்த கலப்பினப் படைவீரர்கள் 'தொப்பாசி' எனப்பட்டனர். இவ்விரு பெயர்களும் பிறப்பைச் சுட்டாது உடையைச் சுட்டி அமைந்தவை.

இவ்வுறவு வெளிப்படையாக மோதிக்கொண்ட நிகழ்வு 1873இல் நடந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பிய முறையில் காலணி அணிந்து நீதிமன்றத்தில் நுழைந்தமைக்காகத் தண்டிக்கப்பட்டார். அவர் பாரிசு வரை முறையிட்டு வென்றார். இதனைத் தொடர்ந்த காலத்தில், 1881 செப்டம்பர் 21ஆம் நாளைய ஆணை, இந்தியர் தம் மரபுவழித் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வர வழிவகுத்தது. அவ்வாறு துறந்தோர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். அவர்கள் புதிய குடும்பப் பெயர்களைச் சூட்டிக்கொண்டனர். பொன்னுத்தம்பி ஏற்ற பெயர் 'லபோர்த்து'. அதன் பொருள் வாயில் என்பதாகும்.

ரெனோன்சான் குடும்பத்தினருக்குக் குடியேற்ற நாடுகளின் அலுவல்களும் படைப்பணியும் திறந்தன. முதல் உலகப்போரில் பிரெஞ்சிந்தியாவிலிருந்து வீரர்கள் சென்றனர். 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி பொன்வேன் பிரெஞ்சிந்தியாவைத் தெகோல் தலைமையிலான சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்த்தார். 1946 முதல் 1954 வரை நடந்த இந்தோசீனப் போரிலும் புதுச்சேரித் தமிழர் பிரெஞ்சுப் படையில் இருந்தனர். காலணிக்காக வழக்காட வேண்டியிருந்த சமூகத்தின் பிற்காலத் தலைமுறைக்கு, தலை முதல் கால் வரை ஐரோப்பிய உடையை அரசே வழங்கியது. எனவே, சொல்தாவின் சீருடையைப் பணிக்கான உடை என்று மட்டும் கொள்வது போதாது. உடைவழியாகச் சமநிலை கோரிய நெடிய வரலாற்றின் ஒரு கட்டமாகவும் அதனைக் காண வேண்டும். அச்சமநிலை அயலார் நாடுகளில் குடியேற்ற ஆட்சியைக் காக்கும் பணிக்கு ஈடாகக் கிடைத்தது என்பதையும் மறத்தலாகாது.

3. கல்லும் தாளும் உலோகமும்

தமிழ் மரபில் போரில் வீழ்ந்தவனின் நினைவு கல்லில் நின்றது. நடுகல்லில் பெயரும் பீடும் பொறித்து, மயிற்பீலி சூட்டி வழிபட்டமையைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. புதுச்சேரியின் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னமும் கல்வழி நினைவே. தாள்வழி நினைவு படைப்பணிச் சான்று, ஓய்வூதியக் கோப்பு, குடிமைப் பதிவேடு என விரியும். உலோகவழி நினைவு பதக்கம். இம்மூன்றையும் தருவது அரசு. பெறுபவர் வீரரோ அவர்தம் வாரிசோ ஆவர்.

துணி இவ்வரிசையில் இடம்பெறாமைக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, சீருடை அரசின் உடைமை. அதில் வீரரின் பதிவெண் முத்திரையிடப்படும். பணி முடிவில் பெரும்பகுதி திரும்ப ஒப்படைக்கப்படும். வீட்டுக்கு வந்து சேர்ந்தவை விழாக்கால உடை, தொப்பி, அரைக்கச்சு போன்ற சிலவே. இரண்டாவது, தட்பவெப்பம். கடலோர ஈரக்காற்றில் கம்பளித் துணியைப் பூச்சி அரிக்கும். பருத்தியில் பூஞ்சணம் படியும். பித்தளைப் பொத்தான் பச்சைக் கறை விடும். அந்துருண்டை இட்ட பெட்டியும் இதற்கு முழுக் காப்பன்று. மூன்றாவது, தேவை. தடித்த நல்ல துணி எளிய குடும்பத்தில் சும்மா இருப்பதில்லை. பைக்கும் திரைக்கும் சிறுவர் காற்சட்டைக்கும் அது பயன்படும்.

இவற்றோடு ஆவணங்களின் இடப்பிரிவையும் சேர்த்து நோக்க வேண்டும். 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் நிகழ்ந்த வாக்கெடுப்பில் 170 பேர் இணைப்பை ஆதரித்தும் 8 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சிந்தியாவில் பிறந்து அங்கேயே வாழ்ந்தோர் இந்தியக் குடிமக்களாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என உடன்படிக்கை இடமளித்தது. தெரிவு ஒவ்வொருவருக்கும் உரியதாகையால், ஒரே குடும்பத்தின் வயதுவந்தோர் இரு நாட்டுக் குடிகளாகவும் வாய்ப்பு ஏற்பட்டது. அண்ணன் பிரெஞ்சுப் படையிலும் தம்பியின் மகன் இந்தியப் படையிலும் பணியாற்றத்தக்க நிலை உருவாயிற்று.

இத்தகைய குடும்பத்தின் தாள் ஆவணங்கள் ஓரிடத்தில் கிடைப்பதில்லை. படைப்பணிக் கோப்புகளைப் பிரான்சின் போ நகரில் உள்ள படைப்பணியாளர் ஆவணக் காப்பகத்திலும், குடியேற்ற நிருவாகக் கோப்புகளை எக்ஸ்-ஆன்-புரோவான்சிலும் தேட வேண்டும். உள்ளூர் நிருவாக ஆவணங்களுக்கு இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையத்தை நாட வேண்டும். இந்தியப் படைக்குரியவை தனியே இந்திய அரசின் பொறுப்பில் உள்ளன. இரு நாட்டுச் சீருடைகளும் ஒருங்கே இருக்கக்கூடிய இடம் வீடு மட்டுமே. அவற்றை ஒரே பரப்பில் இணைக்கும் நினைவுப் போர்வை, அரசு ஆவணக் காப்பகம் எதனாலும் தர இயலாத குடும்ப வரலாற்றைத் தரவல்லது.

4. இறந்தோர் துணியும் மூத்தோர் துணியும்

சீருடையை வெட்டித் தைப்பது தமிழ்க் குடும்ப வழக்கோடு எங்கே பொருந்துகிறது, எங்கே முரண்படுகிறது என்பது அடுத்த வினா. பழந்துணி குறித்துத் தமிழரிடையே இரு எதிர்நிலை வழக்கங்கள் காணப்படுகின்றன.

ஒன்று விலக்கல். இறப்பு நேர்ந்த வீட்டில் உறவினர் கோடித்துணி கொணர்ந்து போர்த்துவர். இறந்தவர் உடுத்திருந்த துணி சலவைத் தொழிலாளருக்கு அளிக்கப்படும். அல்லது நீரில் விடப்படும். புதிய துணி வீட்டுக்குள் வர, பழைய துணி வெளியேறுகிறது. இவ்வழக்கம் சாதிக்கும் சமயத்திற்கும் ஏற்ப வேறுபடினும், இறந்தோர் துணியைத் தொடர்ந்து பயன்படுத்தத் தயங்கும் மனநிலை பரவலானது.

மற்றொன்று தொடர்தல். பாட்டியின் பழம்புடவை பிறந்த குழந்தைக்குத் தூளியாகும், படுக்கையில் விரிப்பாகும். பலமுறை துவைத்து மென்மையான துணி பச்சிளங்குழந்தையின் தோலுக்கு உகந்தது என்னும் நடைமுறை அறிவும், மூத்தவரின் ஆயுளும் வாழ்த்தும் அத்துணியில் உண்டு என்னும் நம்பிக்கையும் இதில் இணைந்துள்ளன.

கிழிந்த துணியை இணைத்துத் தைத்தலுக்கும் தமிழில் பழமையான சொற்கள் உள்ளன. துன்னம், சிதார், கந்தை ஆகியன அவற்றுட் சில. ஆனால் இச்சொற்கள் வறுமையோடு சார்த்தியே வழங்கின. பொருநராற்றுப்படையில், ஒட்டுத்தையலிட்ட கந்தை வறிய பொருநனின் அடையாளமாகிறது. வள்ளல் அதனை நீக்கி நுண்ணிய புத்தாடை அளிக்கிறான். மறுபுறம், தஞ்சைப் பகுதியில் தேருக்கும் கோயிலுக்கும் தைக்கப்படும் தொம்பைகளும் தேர்ச்சீலைகளும் பல வண்ணத் துண்டுகளை ஒட்டித் தைத்தவையே. அவை வறுமையைக் குறிக்கவில்லை. விழாவின் பொலிவைக் காட்டுகின்றன. துண்டுத்துணியை இணைக்கும் ஒரே தொழில்நுட்பம் சூழலுக்கேற்ப இழிவாகவும் சிறப்பாகவும் பொருள்பட்டிருப்பது இதனால் விளங்கும்.

நினைவுப் போர்வை இவ்விரண்டு வழக்கங்களுக்கும் இடையில் நிற்கிறது. இறந்தவர் துணியாதலின் விலக்கலுக்கும், மூத்தவர் துணியாதலின் தொடர்தலுக்கும் அது உரியது. சீருடை இறக்கும் வேளையில் உடுத்திய துணியன்று என்பதும், பணி ஓய்வுக்குப்பின் நெடுங்காலம் மடித்து வைக்கப்பட்டது என்பதும் அதனைத் தொடர்தலின் பக்கம் சாய்க்கின்றன. மேலும், ஆணின் பணியுடை பெண்கள் பேணிவந்த தூளி மரபுக்குள் இதனால் வந்து சேர்கிறது. சீருடையைத் துவைத்தும், கிழிசல் தைத்தும், பெட்டியில் காத்தும் வந்த பெண்களின் உழைப்பு அரசின் கோப்புகளில் பதிவாவதில்லை. போர்வையில் அவர்கள் இட்ட பழைய தையலும் ஒரு சான்றாக எஞ்சும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதுச்சேரிக்கு வந்த க்ளூனி சபைக் கன்னியர், பெண்களுக்குப் பூத்தையல் கற்பித்துத் தொழில்வாய்ப்பு அளித்தனர். ரோமன் ரோலன் தெருவில் இன்றும் இயங்கும் அவர்தம் பூத்தையல் மையம், இந்நகரில் ஊசித்தொழில் பெண்களின் வாழ்வாதாரமாக வேரூன்றியமைக்குச் சான்றாகும்.

5. படைத்துணிப் போர்வை: 19ஆம் நூற்றாண்டுச் சான்றுகள்

படைத்துணியால் போர்வை தைக்கும் வழக்கத்திற்கு நன்கு அறியப்பட்ட சான்றுகள் பிரித்தானியப் படையில் கிடைக்கின்றன. தாமசு வுட் 1856இல் வரைந்த ஓவியம் ஒன்றில், கிரீமியப் போரில் தலைக்காயமுற்ற தாமசு வாக்கர் என்னும் வீரர் மருத்துவமனைப் படுக்கையில் அமர்ந்து படைத்துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கிறார். இந்தியாவோடு நேரடித் தொடர்புடைய சான்றும் உண்டு. 1864 முதல் 1877 வரை இந்தியாவில் பணியாற்றிய பிரான்சிசு பிரேலி என்னும் படைவீரர் தைத்ததாகக் கருதப்படும் கம்பளித்துண்டுப் போர்வை, இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இப்போர்வைகள் இறந்த தோழர்களின் சீருடைகளிலிருந்து தைக்கப்பட்டவை என்னும் கதை பரவலாக வழங்கியது. எனினும், அவற்றுட் பலவற்றின் துண்டுகள் தேய்மானமற்றவை. படைப்பிரிவின் தையற்கூடங்களில் மிஞ்சிய துணியே பெரிதும் பயன்பட்டிருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து. மதுப்பழக்கத்திலிருந்து வீரர்களை விலக்கவும், முகாம் வாழ்வின் சலிப்பைப் போக்கவும் தையற்பணி ஊக்குவிக்கப்பட்டது. இதிலிருந்து பெறத்தக்க பாடம் தெளிவானது. எந்தத் துண்டு எவருடைய உடையிலிருந்து, எப்போது எடுக்கப்பட்டது என்னும் குறிப்பு இல்லாத இடத்தை ஒரு தலைமுறைக்குள் கதை நிரப்பிவிடும். அக்கதை உண்மையாகவும் இருக்கலாம். ஆயின் அதனைச் சரிபார்க்கும் வழி அடைபட்டுவிடும்.

இறந்தவரின் பெயரைத் துணியில் நிறுத்தும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில் புதிய பொருள் பெற்றது. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரிக்கப்பட்ட எயிட்சு நினைவுப் போர்வையில், ஒவ்வொரு துண்டும் பெயர் சுட்டிய ஒருவருக்கு உரியதாக இருந்தது. அழகுக்காகத் துண்டுகளை அடுக்கும் முறையிலிருந்து, ஆளைக் குறிக்கும் பதிவாகத் துண்டுகளை அடுக்கும் முறைக்கு இது ஒரு திருப்பம். குடும்ப நினைவுப் போர்வைக்கு இப்பதிவுமுறையே பொருத்தமான முன்மாதிரி.

6. துணியை வாசித்தல்

சீருடைத் துணி காலத்தைக் காட்டும் சான்று. பிரெஞ்சு நிலப்படை 1915 வாக்கில் 'அடிவான நீலம்' எனப்பட்ட வெளிர்நீலக் கம்பளிக்கு மாறியது. குடியேற்றப் படைப்பிரிவுகள் மஞ்சள் கலந்த காக்கியை அணிந்தன. 1930களின் நடுவில் படை முழுமைக்கும் காக்கி என முடிவாயிற்று. இந்தோசீனப் போர்க்காலத்தில் 1947ஆம் ஆண்டு மாதிரியான பருத்திக் களவுடை வந்தது. பின்னர் ஆலிவ் பச்சையும், 1990களில் பல்வண்ண மறைப்பு அச்சும் வழக்கில் வந்தன. உட்புறத்தில் காணும் உற்பத்தியாளர் முத்திரை, அளவு, ஆண்டு, பதிவெண் ஆகியன இக்கணிப்பை உறுதிப்படுத்தும். தையலிணைப்பின் உட்பகுதியில் வெயில்படாத மூலநிறம் எஞ்சியிருக்கும். முழங்கைத் தேய்வும், பிரித்துத் தைத்த இடுப்பளவும், பதவிப்பட்டை மாற்றப்பட்டதன் தையல்துளையும் அணிந்தவரின் உடலையும் பணிவளர்ச்சியையும் உணர்த்தும்.

'காக்கி' என்னும் சொல்லே இந்தியாவில் படைத்துணிக்குரிய பெயராயிற்று. தூசி நிறம் என்னும் பொருளில் பாரசீகத்திலிருந்து உருதுவழி வந்த அச்சொல், 1840களில் வடமேற்கு எல்லையில் லம்சுடன் அமைத்த படைப்பிரிவின் உடையோடு தொடர்புற்று உலகெங்கும் பரவியது. புதுச்சேரித் துணியும் இதுபோலக் கடல்கடந்ததே. இங்கு அவுரிச் சாயமேற்றிய 'கினே' என்னும் நீலத்துணி, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் செனகல் ஆற்றுப் பிசின் வணிகத்தில் பணத்திற்கு நிகராக வழங்கியது. புதுச்சேரியின் மனிதர் பிரெஞ்சுப் படையில் அயல்நாடு செல்வதற்கு முன்பே புதுச்சேரியின் துணி பிரெஞ்சுப் பேரரசின் வழிகளில் சென்றிருந்தது. சொல்தாவின் சீருடை அவ்வழியில் திரும்பி வந்த துணி என்று கருத இடமுண்டு.

7. வெட்டும் முன்

மேற்கூறிய தகவல்களுட் பல கத்தரிக்கோல் பட்டவுடன் அழிபவை. இங்குதான் நினைவுப் போர்வையின் முரண் உள்ளது. பெட்டியில் விடப்பட்ட சீருடை பூச்சிக்கும் பூஞ்சணத்திற்கும் இரையாகலாம். வெட்டப்பட்ட சீருடை போர்வையாக வாழும். ஆனால் உடை என்னும் நிலையை இழக்கும். எனவே பின்வரும் ஒழுங்கு பரிந்துரைக்கத்தக்கது.

முதலில் அருமையை மதிப்பிடுதல் வேண்டும். முதல் உலகப்போர்க் காலத்துக் கம்பளி உடையோ, முழுமையாக எஞ்சிய உடைத்தொகுதியோ வெட்டத்தக்கதன்று. அவற்றைத் தனியே பேண வேண்டும்; குடும்பத்தினர் இசைந்தால் அருங்காட்சியகத்தை அணுகலாம். ஒரே வகை உடை பல இருப்பின், ஒன்றை முழுமையாக வைத்து ஏனையவற்றைப் பயன்படுத்தலாம்.

அடுத்து, துவைப்பதற்கு முன்பே படமெடுத்தல் வேண்டும். முன்புறம், பின்புறம், உட்புறம் ஆகியவற்றை அளவுகோல் அருகில் வைத்துப் படமெடுத்து, முத்திரைகளை எழுத்தெழுத்தாகப் படியெடுக்க வேண்டும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்னும் பழமொழி உடுத்துவோருக்கு நல்லறிவு; ஆவணம் பேணுவோருக்கு அன்று. துவைத்தபின் கறையும் மண்ணும் சாயத்தின் நிலையும் மீளக் கிடைப்பதில்லை. அவ்வேளையில் வீட்டு மூத்த பெண்களிடம் கேட்டறியும் செய்திகளையும் பதிவு செய்தல் வேண்டும். எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து வந்த உடை, கிழிசலைத் தைத்தவர் யார் என்பவற்றை ஓய்வூதியக் கோப்பிலிருந்து பெற இயலாது.

மூன்றாவது, வெட்டுவதைவிடத் தையலைப் பிரிப்பது மேல். பிரித்த பகுதிகளின் விளிம்பு சிதையாது. உட்புற நிறமும் கிடைக்கும். சட்டைப்பை, பெயர்ப்பட்டை, பொத்தான் வரிசை, தோள்பட்டை ஆகியவற்றை முழுமையாகவே துண்டின் நடுவில் அமைக்கலாம். கம்பளியும் பருத்தியும் துவைக்கும்போது வெவ்வேறு அளவில் சுருங்குவதால் அவற்றை ஒரே போர்வையில் அடுத்தடுத்து வைக்காதிருத்தல் நன்று. நைந்த துணிக்குப் பின்புறம் மெல்லிய கேன்வாஸ் வைத்துத் தைக்கலாம். ஒட்டும் வகை கேன்வாஸ் பின்னர் நீக்க இயலாதது என்பதால், கைத்தையலால் இணைப்பதே ஏற்றது. தடித்த காக்கித் துணிக்கு எந்திரத்தில் 16ஆம் எண் ஊசி தேவைப்படும். பஞ்சடுக்கையும் அடித்துணியையும் நெருக்கமான எந்திரத் தையலால் இறுக்காது, இடைவெளிவிட்ட ஓட்டுத்தையலால் பிணைத்தால் பிற்காலத்தில் பிரித்துச் செப்பனிடவும் இயலும்.

நான்காவது, ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணிட்டு, அது எவ்வுடையின் எப்பகுதி என்பதைக் காட்டும் வரைபடத்தை வெள்ளைப் பருத்தித் துணியில் அழியா மையால் எழுதிப் போர்வையின் பின்புறத்தில் தைக்க வேண்டும். தாள் தொலையினும் இக்குறிப்பு பொருளோடு இருக்கும். மிஞ்சிய துணுக்குகளையும் நூலையும் உறையிலிட்டுப் பேணுதல், வருங்காலச் சாயம், இழை ஆய்வுகளுக்கு உதவும்.

சட்டநிலை குறித்தும் ஒரு சொல் வேண்டும். படைவீரரெனப் பிறரை நம்பவைக்கும் நோக்கில் படைவீரர் உடை அணிதலையே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 140ஆம் பிரிவும், அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவும் குற்றமாக்குகின்றன. போர்வையாக்குதல் அந்நோக்கத்திற்குள் அடங்குவதன்று. எனினும், தற்போது பணியிலுள்ளோர் அணியும் மறைப்பு அச்சுத் துணியைக் கடையில் வாங்கிச் சேர்ப்பதைத் தவிர்த்தல் முறையாகும். சட்டத்தைக் கருதாவிடினும், அவ்வாறு வாங்கிய துணி அவ்வீரருடைய நினைவுக்குரியதும் அன்று.

8. முடிவுரை

சொல்தாக்களின் வரலாறு புதுச்சேரியில் கல்லாலும் தாளாலும் உலோகத்தாலும் பேசப்பட்டுவந்துள்ளது. அவை அரசின் நோக்கில் அமைந்தவை. இரு நாடுகளின் காப்பகங்களில் பிரிந்து கிடப்பவை. துணி குடும்பத்தின் கையில் எஞ்சியது. பெண்களின் பேணலால் நிலைத்தது. 1962இன் குடியுரிமைத் தெரிவால் பிரிந்தோரின் உடைகளையும் அது ஓரிடத்தில் சேர்க்கவல்லது. இறந்தோர் துணியை விலக்கும் வழக்கத்திற்கும் மூத்தோர் துணியைத் தொடரும் வழக்கத்திற்கும் இடையில், தூளி மரபின் நீட்சியாக நினைவுப் போர்வையை ஏற்கத் தமிழ்ப் பண்பாட்டில் இடமுண்டு.

ஆயினும், பதிவற்ற போர்வை அடுத்த தலைமுறைக்குக் கதையாகவே எஞ்சும் என்பதை 19ஆம் நூற்றாண்டுப் படைத்துணிப் போர்வைகள் காட்டுகின்றன. வெட்டுமுன் படமெடுத்தல், பிரித்தெடுத்தல், துண்டுவரைபடம் தைத்தல் ஆகிய எளிய செயல்கள் பொருட்செலவு மிகாதவை. பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளும் உள்ளூர்க் கல்லூரிகளும் குருசுக்குப்பம் போன்ற பகுதிகளில் வீட்டுத் துணிகளைப் பெட்டியிலேயே வைத்துப் பதிவுசெய்யும் பணியை மேற்கொள்ளலாம். உடைமை குடும்பத்திடமே இருக்க, பதிவு மட்டும் ஆய்வுலகுக்கு வருமாயின், போர்வை தைக்கும் குடும்பத்தின் உரிமையும் வரலாற்றுச் சான்றும் ஒருங்கே காக்கப்படும். சீருடை அணிந்த தலைமுறையோடு, அதனைத் துவைத்துத் தைத்த தலைமுறையும் மறைந்துவரும் நிலையில் இப்பணி விரைந்து தொடங்கத்தக்கது.